ஆறேகால் சென்ட் நிலம்: கோலா கங்சார் தோட்டக் குடும்பங்களின் இரட்டை உழைப்பு

கோலா கங்சார் மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலியிட்டுக் காக்கப்படும் முதிய இரப்பர் மரம் ஒன்று உண்டு. பள்ளிச் சுற்றுலாவின்போது மாணவரை அதனடியில் நிறுத்திப் படமெடுக்காத ஆசிரியர் இவ்வட்டாரத்தில் மிகக் குறைவு. 1877ஆம் ஆண்டில் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற ஹியூ லோவின் இல்லத் தோட்டத்தில் நடப்பெற்ற கன்றுகளோடு தொடர்புடையதாக அம்மரம் போற்றப்படுகின்றது. பிரேசில் நாட்டு விதை இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்துச் சிங்கப்பூர் வழியாக இங்கு வந்து சேர்ந்த கதை நம் பாடநூல்களில் இடம்பெற்ற ஒன்றுதான்.

அதே 1877ஆம் ஆண்டில் சென்னை மாகாணம் தாது வருடப் பஞ்சத்தின் உச்சத்தில் இருந்தது. 1876இல் மழை பொய்த்துத் தொடங்கிய அப்பஞ்சம் 1878 வரை நீடித்தது. பல இலட்சம் உயிர்களைக் கொண்டுசென்றது. சேலம், வட ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் புன்செய் ஊர்களில் கம்பும் சோளமும் காய்ந்தன, கால்நடைகள் மடிந்தன, மக்கள் நிவாரணப் பணிமனைகளை நோக்கி நடந்தனர். சென்னை நகரையொட்டிய பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அப்பணிகளுள் ஒன்றாகவே வெட்டப்பட்டது. நிவாரணச் செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள், மண் சுமப்பவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் போதும் என்று வகுத்ததும் அவ்வாண்டில்தான்.

மரம் நட்டவர்க்குப் பஞ்சம் ஒரு பொருட்டன்று. பஞ்சத்தில் வாடியவர் இம்மரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதுமில்லை. ஆயினும் முப்பது நாற்பது ஆண்டுகளுக்குள் இவ்விரண்டும் ஒரே குடும்பத்தின் வாழ்க்கையில் வந்து சேர்ந்தன. அவ்வாறு சேர்ந்த முறையை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

தோட்டத் தமிழர் வரலாற்றை நாம் வழக்கமாகச் சொல்லும் முறை ஒன்றுண்டு. ஊரில் நிலத்தை விட்டார்கள், கப்பலேறினார்கள், கூலிகளானார்கள் என்பது அது. இச்சொல்முறையில் உழவு முதல் வரியோடு முடிந்துவிடுகின்றது. எஞ்சிய பக்கங்கள் யாவும் பால்மரம், கங்காணி, துரை, கிராணி, லயம் என நீள்கின்றன. இது பொய்யன்று, எனினும் பாதி உண்மையே. ஊரிலிருந்த காலத்திலும் அக்குடும்பங்கள் உழவை மட்டும் நம்பி வாழ்ந்தவையல்ல. தோட்டத்திற்கு வந்தபின்னும் கூலியை மட்டும் நம்பி வாழ்ந்தவையல்ல. நிலம் ஒரு கை, கூலி மறு கை என்பது அவர்கள் வழிவழியாகக் கைக்கொண்ட வாழ்முறை. அதில் ஒரு கை எப்போது, எவ்வாறு வெட்டுண்டது என்பதைத்தான் நாம் சரியாக எழுதிவைக்கவில்லை.

வானம் பார்த்த பூமியின் கணக்கை முதலில் நோக்குவோம். மலாயாவுக்குப் பெருமளவில் ஆள் அனுப்பிய முசிறி, நாமக்கல், பெரம்பலூர் போன்ற வட்டங்களில் காவிரிக் கரையை விட்டுச் சற்று விலகினாலே மானாவாரிக் காடுதான். மழை பெய்தவுடன் உழவேண்டும். ஈரம் காய்வதற்குள் விதைக்கவேண்டும். களையெடுப்பும் அறுப்பும் முடிந்தால் நிலத்தில் வேலையில்லை. ஆண்டில் ஐந்தாறு திங்கள் ஓய்வறியா உழைப்பு; எஞ்சிய திங்கள்களில் கைகள் சும்மா இருக்கும், வயிறு சும்மா இராது. ஆகவே கிணற்றுப் பாசனமுள்ளவன் கமலை இறைத்துச் சிறிது தோட்டப்பயிர் செய்தான். வண்டிமாடு வைத்திருந்தவன் பாரம் ஏற்றினான். சிலர் நூல் நூற்றனர், பாய் முடைந்தனர், சுண்ணாம்பு சுட்டனர், சாலைக்குக் கல்லுடைத்தனர். தஞ்சை வயல்களில் அறுவடை தொடங்கினால் புன்செய் ஊர்களிலிருந்து குடும்பங்குடும்பமாகக் கீழ்த்திசை சென்று, கூலி நெல்லை மூட்டையாகக் கட்டிக்கொண்டு திரும்பினர். இவர்களை உழவர் என்பதா, கூலிகள் என்பதா? குடிக்கணக்கு எடுப்பவனுக்கு இருக்கும் இச்சிக்கல் அக்குடும்பத்திற்கு இருந்ததில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருசிய நாட்டுப் பொருளியலறிஞர் அலெக்சாந்தர் சயானோவ் இத்தகைய குடும்பங்களையே ஆராய்ந்தார். உழவுக் குடும்பம் இலாப நட்டம் பார்க்கும் முதலாளியைப் போலக் கணக்கிடுவதில்லை. தன்னிடமுள்ள உண்ணும் வாய்களையும் உழைக்கும் கைகளையும் ஒப்புநோக்கி, எந்தக் கையை நிலத்திற்கும் எந்தக் கையை வெளித்தொழிலுக்கும் அனுப்புவது என்று முடிவு செய்கின்றது என்பது அவர் கண்ட உண்மை. அவர் தமிழகத்தைப் பற்றி எழுதியவரல்லர். ஆயினும் நான்கு ஆண்மக்களைப் பெற்ற முசிறி வட்டத்துக் குடியானவன், இருவரை நிலத்தில் நிறுத்தி ஒருவனை வண்டியோட்டவும் ஒருவனைக் கங்காணியோடு கப்பலேறவும் விட்டான் என்றால், சயானோவின் கணக்கைத்தான் அவனும் போட்டிருக்கின்றான்.

கப்பலேறுவது இக்கணக்கின் நீட்சியே. தஞ்சை அறுவடைக்குப் போவதற்கும் மலாயாவுக்குப் போவதற்கும் உள்ள வேறுபாடு தொலைவிலும் காலத்திலுமே இருந்தது. தன்மையில் அவ்வளவாக இல்லை. முன்பிருந்த சஞ்சிக்கூலி முறை மலாயாவில் 1910இல் முடிவுக்கு வந்தது. அதற்குச் சற்று முன்னரே, 1907இல், தோட்ட முதலாளிகள் அனைவரிடமும் வரி பெற்றுத் தொழிலாளரின் பயணச் செலவை ஏற்கும் குடிவரவு நிதியொன்று ஏற்படுத்தப்பட்டது. தோட்டத்துக் கங்காணி உரிமம் பெற்றுத் தன் சொந்த ஊருக்குச் சென்றான். உறவினரையும் அண்டை அயலாரையும் அழைத்து வந்தான். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, ஜெரஜாக் தீவில் தொற்றுத்தடைக் காவலில் சில நாள் கழித்து, பிறகு இரயிலேறிப் பேராக்கின் உட்பகுதிக்கு வந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிறையிலிருந்து ஈப்போ செல்லும் இருப்புப்பாதை கோலா கங்சாரையும் சுங்கை சிப்புட்டையும் தொட்டுச் சென்றது. எல்பில், கமுனிங், ஹேவுட், டோவன்பி என இன்றும் நம் நாவில் புழங்கும் தோட்டப் பெயர்கள் அப்பாதையின் இருமருங்கும் உள்ள காடுகளுக்குரியவை.

வந்தவர் பலரும் வாழவந்தவராகத் தம்மைக் கருதவில்லை. இரண்டு மூன்றாண்டு உழைத்துவிட்டுத் திரும்புவதே எண்ணம். மணியார்டரில் ஊர் சென்ற வெள்ளி, ஒத்திக்குப் போன காட்டை மீட்டது; உழவுமாடு வாங்கியது; கிணற்றை இன்னும் நான்கு முழம் ஆழமாக்கியது; தங்கைக்குத் தாலி செய்தது. கோலா கங்சாரில் சுரந்த பால் முசிறியில் கிணற்று நீராயிற்று என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். கணக்கு என்னவோ அதுதான். கூலி என்பது புன்செய்க் குடும்பத்தின் மழை பொய்க்காத மற்றொரு போகம்.

ஒன்றை இங்கு மறைக்காமல் சொல்லவேண்டும். வந்தவரில் பெருந்தொகையினர் நிலமற்றவர். தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சார்ந்த பண்ணையாட்கள். அவர்களுக்கு மீட்க வேண்டிய காடும் இல்லை, ஆழப்படுத்த வேண்டிய கிணறும் இல்லை. பிறர் நிலத்தை உழுதவர்கள் அவர்கள். தம் நிலத்தை அல்ல. ஆகவே ஊர் நிலமும் தோட்டக் கூலியும் இணைந்த வாழ்வு என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் இவர்களை வரலாற்றிலிருந்து இரண்டாம் முறை வெளியேற்றியவர்களாவோம். இவர்களைப் பொறுத்தவரை நிகழ்ந்தது நேர்மாறானது. தமக்கென ஒரு பாத்தி பிடித்து, தாம் நட்டதைத் தாமே பறிக்கும் உரிமை இவர்களுள் பலருக்கு முதன்முதலில் வாய்த்தது மலாயாவில், லயத்தின் பின்புறத்தில்தான். கூலியாக வந்த இடத்தில் உழவரானவர்கள் இவர்கள். தோட்ட வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் செய்தி இது. நம் நூல்களில் மிகக் குறைவாகப் பேசப்பட்டதும் இதுவே.

இனித் தோட்டத்தின் ஒரு நாளைப் பார்ப்போம். விடியுமுன் பெரட்டு. பெயர் கூப்பிட்டு முடிந்ததும் உளியும் வாளியுமாகத் தத்தம் நிரைக்குச் செல்வர். குளிர்ந்த வேளையில்தான் பால் தடையின்றி ஓடும் என்பதால் வெட்டு காலையிலேயே முடிந்துவிட வேண்டும். மங்குகளில் வடிந்த பாலைத் திரட்டி நிறுத்து ஊற்றிவிட்டு லயம் திரும்புகையில் நண்பகலாகும். வெட்டுக்காட்டில் நாளின் முற்பகுதி கழிந்தது, பிற்பகுதி எஞ்சியிருந்தது. அப்பிற்பகலே உழவின் நேரம். ஆண் வேலி கட்டினான், மண் வெட்டினான். பெண் புல்லறுத்தாள், நீரூற்றினாள், சாணம் அள்ளினாள். காலையில் அவளும் மரம் வெட்டிவிட்டுத்தான் வந்திருந்தாள் என்பதையும், இரவுச் சமையல் இன்னும் மிச்சமிருந்தது என்பதையும் மறக்கலாகாது. பிள்ளைகள் பள்ளி விட்டதும் மாடு மேய்த்தனர். ‘நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு’ என்று வகுப்பில் ஏசுவது நம் ஆசிரியர் மரபில் ஒரு பழைய வழக்கம். அவ்வாறு ஏசப்பட்ட சிறுவன் முந்திய மாலையில் மாடு மேய்த்துத்தான் தன் ஏட்டுக்குக் காசு சேர்த்தான் என்பது பல வேளைகளில் உண்மையாயிருந்தது.

பாத்திகளில் கத்தரி, வெண்டை, பாகல், புடலை, கீரை, மிளகாய். வேலியோரம் முருங்கை, கறிவேப்பிலை, வாழை. கொட்டிலில் பசு; சில வீடுகளில் ஆடும் கோழியும். பசு என்பது பால் மட்டுமன்று. வங்கியை அறியாத குடும்பத்தின் சேமிப்பு அது. கன்றை விற்றுத் திருமணம் முடித்தார்கள். கிடாயை வெட்டிக் கோயில் திருவிழா எடுத்தார்கள். பாலைச் சுங்கை சிப்புட், கோலா கங்சார் கடைத்தெருக்களில் ஊற்றி மளிகைக் கடனை அடைத்தார்கள். இவற்றோடு மாட்டுவண்டி ஓட்டியவரும், சடக்கு வேலைக்குப் போனவரும், பால் திரட்டிய பின் ஒட்டுப்பால் பொறுக்கியவரும் உண்டு.

மழையின் பொருள் இங்குத் தலைகீழானதைக் காண்க. முசிறியில் மழை பெய்தால் வேலை; கோலா கங்சாரில் காலையில் மழை பெய்தால் பட்டை நனைந்துவிடும், வெட்டு இல்லை, அந்நாளுக்குக் கூலியும் குறையும். போதாக்குறைக்கு ஆண்டுதோறும் இலையுதிரும் பருவத்தில் மரம் பால் வற்றும். வறண்ட நாட்டு உழவன் மழையில்லா மாதங்களுக்காகக் கற்றுவைத்திருந்த உபாயத்தை இந்த ஈர நாட்டில் மழை நாள்களுக்காகப் பயன்படுத்தினான். வானம் கைவிட்டால் கைக்கு மற்றொரு வேலை இருக்கவேண்டும் என்ற பாடம் இரண்டு நாட்டுக்கும் பொருந்திற்று.

இந்நிலையைச் சட்டமும் ஒருவகையில் ஏற்றுக்கொண்டது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, குடும்பத்தோடு வாழும் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் தோட்டத்திற்காகவோ மேய்ச்சலுக்காகவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கப்பட வேண்டும் என்று விதித்தது. ஏக்கர் 43,560 சதுர அடி. அதில் பதினாறில் ஒன்று 2,722 சதுர அடிக்குச் சற்று மிகுதி. நம் ஊர்க் கணக்கில் ஆறேகால் சென்ட். மாணவர் இதனைத் தம் பள்ளித் திடலில் அளந்து பார்க்கலாம்: ஏறத்தாழ ஐம்பத்திரண்டு அடிக்கு ஐம்பத்திரண்டு அடி. கறிக்குக் காய் விளையும். நெல் விளைந்து ஆண்டுக்குச் சோறிடப் போதாது. பசுவொன்றுக்கு மேய்ச்சலும் போதாது. இந்த அளவு தற்செயலானதன்று என்றே நான் கருதுகின்றேன். குடும்பத்தைத் தோட்டத்தில் தங்கவைக்கும் அளவுக்கு நிலம் உண்டு. கூலி வேலையை விட்டு அவர்கள் விலகும் அளவுக்கு நிலமில்லை.

இதனால் துரைமார்க்கு இன்னொரு நன்மையும் உண்டாயிற்று. அக்காலத்தில் தொழிலாளியின் நியமக் கூலி, அவன் குடும்பச் செலவைக் கணக்கிட்டு வகுக்கப்பட்டது. காயும் பாலும் தொழிலாளியின் பிற்பகல் உழைப்பிலிருந்து கிடைக்குமானால் அவற்றுக்கான காசு கூலியில் ஏறவேண்டியதில்லை. ஆகவே அந்தப் பாத்தி குடும்பத்தைக் காத்தது; கூலியைத் தாழ்த்தியும் வைத்தது. இரண்டும் ஒருசேர உண்மை. தோட்ட வாழ்வின் வளத்தை நினைந்து உருகுவோர் முதலாவதை மட்டும் கூறுவர்; கொடுமையை எழுதுவோர் இரண்டாவதை மட்டும் கூறுவர்.

எல்லாவற்றினும் முக்கியமானது சட்டம் சொல்லாமல் விட்டது. நிலத்தை ஒதுக்கச் சொன்னதே அன்றி உரிமையாக்கச் சொல்லவில்லை. நிலம் தொழிலாளிக்கு அன்று, அவன் செய்யும் வேலைக்கு. வேலை போன நாளில் முருங்கையும் போயிற்று.

பேராக் ஆற்றின் மறுகரையில் இதற்கு ஓர் ஒப்புமை கிடைக்கின்றது. கோலா கங்சார் அரச நகருக்கு எதிரே உள்ள சாயோங் பகுதி மலாய்க் கிராம மக்கள் நெல்லும் பழமரமும் வைத்திருந்தனர். இரப்பர் விலையேறிய பின் வீட்டையொட்டிச் சில ஏக்கர் இரப்பரும் நட்டனர். அக்கிராமப் பெண்கள் சுரைக்காய் வடிவில் வனைந்த கரிய நீர்க்கூசா, லாபு சாயோங் என்னும் பெயரால் இன்றும் புகழ்பெற்றது. சூளையிலிருந்து எடுத்த சூட்டோடு நெல் உமியில் புதைத்து அதற்குக் கருமை ஏற்றுவர். வயலின் கழிவே கைத்தொழிலுக்கு மூலப்பொருளாயிற்று. உழவும் வெளித்தொழிலும் ஒரே முற்றத்தில் நடந்தன. இரப்பர் விலை வீழ்ந்தால் மரத்தை வெட்டாமல் விட்டுவிட்டு வயலுக்கும் சூளைக்கும் அவர்களால் திரும்ப முடிந்தது. அவர்களுக்கும் துன்பங்கள் இருந்தன. 1922 முதல் 1928 வரை நடப்பிலிருந்த ஸ்டீவன்சன் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பெருந்தோட்டங்களோடு ஒப்பிடச் சிறுதோட்டக்காரர்க்கு ஒதுக்கப்பட்ட உற்பத்தி அளவு குறைவு என்ற குறை பரவலாக எழுந்தது. ஆயினும் அடிநிலம் அவர்கள் பெயரில் இருந்தது. இருகரைகளிலும் குடும்பங்கள் செய்தது ஒரே கலப்பு உழைப்புத்தான். ஒரு கரையில் அதற்குப் பத்திரம் இருந்தது. மறுகரையில் துரையின் வாய்ச்சொல் இருந்தது.

அந்த வேறுபாட்டை 1930 உலகுக்குக் காட்டிற்று. உலகப் பொருளாதார மந்தத்தில் இரப்பர் விலை சரிந்ததும் நியமக் கூலி ஐந்தில் ஒரு பங்கு குறைக்கப்பட்டது. தோட்டங்கள் ஆட்களைக் கழித்தன. 1930க்கும் 1932க்கும் இடையில் இலட்சத்திற்கும் மேற்பட்ட தமிழர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். ஊரில் காடுள்ளவன் காட்டுக்குத் திரும்பினான். அது மீண்டும் அவனை ஏற்றுக்கொண்டது, கடனோடாயினும். காடில்லாதவன் பழைய பண்ணையின் வாயிலில் போய் நின்றான். கப்பலின் ஒரே தளத்தில் சென்ற இருவருக்கும் கரையில் இருவேறு நாடுகள் காத்திருந்தன. விலை சற்றுத் தேறியதும் மீண்டும் ஆள் வரத் தொடங்கினர். 1936ஆம் ஆண்டின் இறுதியில் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசின் சார்பில் மலாயா வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1937இல் அறிக்கை அளித்தார். கூலித் தகராறு தீராததால் 1938ஆம் ஆண்டு ஜூன் திங்களில் உதவிபெற்ற குடிபெயர்வை இந்திய அரசு தடைசெய்தது. அன்றோடு ஊர்க் காட்டுக்கும் வெட்டுக்காட்டுக்கும் இடையே மாறிமாறி ஆள் போய்வந்த பாதை பெரும்பாலும் அடைபட்டது. இனி இங்கிருப்பவர்க்கு இங்குள்ள ஆறேகால் சென்ட்தான் உழவு.

சப்பானியர் காலத்தைப் பற்றி நம் முதியோர் நிறையவே சொல்லிச் சென்றுள்ளனர். அரிசி வரத்து நின்றது, தோட்டங்கள் மூடிக்கிடந்தன, மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் சோறாயின. வறண்ட நாட்டிலிருந்து வந்த பாட்டிமாரின் கம்பங்கூழ்ப் பழக்கம் அப்போது மரவள்ளி மாவுக்குக் கைகொடுத்தது. எந்தக் குடும்பத்தில் ஆண்மகன் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்படாமல் எஞ்சினானோ, எந்தக் குடும்பத்திற்குப் பாத்தி போடத் தெரிந்திருந்ததோ, அந்தக் குடும்பம் பிழைக்க வழியிருந்தது. மற்றவை பற்றி விரித்துரைக்க இங்கு இடமில்லை.

போர் முடிந்தும் அமைதி நீடிக்கவில்லை. 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பிய நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிறந்தது. அதன் அரசியலைப் பலரும் எழுதியுள்ளனர்; பாத்தியின் கண்கொண்டு அதனை எழுதியவர் அரியர். காட்டிலுள்ளோர்க்கு உணவு கிட்டாதபடி தடுப்பது அரசின் போர்முறைகளுள் ஒன்றாயிற்று. சிதறிக்கிடந்த தோட்டக் குடியிருப்புகள் ஓரிடத்தில் குவிக்கப்பட்டு முள்வேலியிடப்பட்டன, ஊரடங்கு வந்தது, உணவுப்பொருள் அளந்து தரப்பட்டது. வேலிக்கு வெளியே விளைந்த ஒவ்வொரு கிழங்கும் ஐயத்திற்குரியதாயிற்று. மாலை மங்கும்வரை பாத்தியில் நிற்கவும் மாட்டைத் தொலைவில் மேய்க்கவும் இயலாத குடும்பம், இருகை வாழ்விலிருந்து ஒருகை வாழ்வுக்குத் தள்ளப்பட்டது. நான் அறிந்தவரை தோட்டத் தமிழரின் உழவு முதன்முதலில் பெரிய அளவில் முறிந்தது கூலியால் அன்று, வேலியால்.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் மற்றோர் இடி. வெளிநாட்டுக் குழுமங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர் துண்டுதுண்டாக்கி மறுவிற்பனை செய்தனர். உங்கு அப்துல் அசிஸ் தலைமையிலான ஆய்வு இத்துண்டாடலின் தீங்குகளை விரிவாக எடுத்துக்காட்டிற்று. துண்டுகளை வாங்கிய சிறு உடைமையாளர்க்குப் பழைய லயமும் தேவையில்லை, பழைய ஆளும் தேவையில்லை. பல தலைமுறையாக வளர்த்த முருங்கைக்கு இழப்பீடு கேட்க எந்தத் தாளும் தொழிலாளியிடம் இல்லை.

இதற்கு விடைகாண முற்பட்டவர் இந்த மாவட்டத்தின் மைந்தரே. துன் வீ.தி. சம்பந்தன் 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். கோலா கங்சார் கிளிஃபர்டு பள்ளியில் பயின்று, பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்றவர். அவர் தந்தையார் வீராசாமி 1896இல் மலாயா வந்து சுங்கை சிப்புட்டில் இரப்பர் பயிரிட்டவர்களுள் ஒருவர். தோட்டத்தை உடைமையாளரின் பக்கத்திலிருந்தும் லயத்தின் பக்கத்திலிருந்தும் அறிந்த சம்பந்தன், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு நூறு வெள்ளி. அதனையும் திங்கள்தோறும் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்தலாம். அவர் தோட்டந்தோட்டமாகச் சென்று, விற்கப்படும் தோட்டங்களை நாமே வாங்குவோம் என்று பேசினார். 1961இல் கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் உடைமையாயிற்று. பிறகு மேலும் பல தோட்டங்கள் வந்தன.

இம்முயற்சியின் பெருமையைக் குறைத்துரைப்பது என் கருத்தன்று. கூலிக்கு வெட்டியவன் பங்குதாரனானது நம் வரலாற்றில் சிறு செய்தியன்று. ஆயினும் வரலாற்று மாணவன் ஒரு வினாவை எழுப்பியே ஆகவேண்டும். பங்குப்பத்திரம் தோட்டத்தைக் கூட்டாக உடைமையாக்கியது; குடும்பத்தின் பாத்தியை உடைமையாக்கவில்லை. ஆறேகால் சென்ட் அப்போதும் தோட்டத்தின் நிலமாகவே இருந்தது. ஏறத்தாழ அதே காலத்தில், 1956இல் தோன்றிய பெல்டா, குடியேறிய குடும்பத்திற்குப் பயிரிட்ட நிலத்தைப் பங்கிட்டுக் கொடுத்துப் பின்னர் உரிமையும் அளிக்கும் வழியை மேற்கொண்டது. அதில் இடம்பெற்ற இந்தியர் மிகச் சிலரே. கூட்டுறவுத் தோட்டங்களில் குடும்பத்திற்கென ஓர் ஏக்கர் வீதமேனும் பிரித்தளித்திருந்தால் எவ்வாறிருந்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. நிலம் துண்டாடப்படுவதைத் தடுக்கவே பிறந்த சங்கம் அதனைச் செய்திருக்க இயலாது என்பதும் எனக்குத் தெரியும்.

பின்னர் வந்தது செம்பனை. இரப்பர்க் காட்டில் பசு மேய்வதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொண்ட தோட்டங்கள், இளஞ்செம்பனையின் மட்டையைப் பசு கடிப்பதைப் பொறுக்கவில்லை. மாடுகளை அகற்றுமாறு அறிவிப்புகள் வந்தன. செம்பனைக் குலை வெட்டுக்குக் காலை, பிற்பகல் என்ற பழைய பகுப்பும் பொருந்தவில்லை. 1980களிலும் 90களிலும் பல தோட்டங்கள் வீட்டுமனைகளாயின. வெளியேறிய குடும்பங்களின் இழப்பீட்டைப் பற்றி வழக்காடியவர்கள் வேலையையும் வீட்டையும் கணக்கிட்டார்கள். பசுவும் பாத்தியும் பெரும்பாலும் கணக்கில் ஏறவில்லை. சம்பளச் சீட்டில் அவை இருந்ததில்லை அல்லவா? நகரத்து அடுக்ககத்தில் குடியேறிய தாய் கீரைக்கும் பாலுக்கும் காசு எண்ணிக் கொடுத்தபோதுதான், பழைய கூலியோடு சேர்ந்து எவ்வளவு வருவாய் மறைந்திருந்தது என்பது வீட்டுக்குத் தெரிந்தது.

எனினும் அவ்வுழைப்பு முற்றிலும் அற்றுப்போகவில்லை. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பகலில் தொழிற்சாலைக்கோ பாதுகாவல் பணிக்கோ சென்று, மாலையில் மாடு வளர்ப்போரும் காய்கறி பயிரிடுவோரும் இன்றும் உள்ளனர். இவ்வாறு பயிரிடப்படுவதில் ஒரு பகுதி மாநில அரசின் நிலம். அதற்குத் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் என்னும் ஆண்டு உரிமம் பெறவேண்டும். சிலரிடம் அது உண்டு, சிலரிடம் அதுவுமில்லை. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, அரசு நிலத்தை எத்தனை ஆண்டுகள் அனுபவித்தாலும், உரிமத்தோடு அனுபவித்தாலுங்கூட, அவ்வனுபவத்தால் உரிமை பிறவாது என்கின்றது. ஆண்டு உரிமத்தை இன்னொருவர்க்கு மாற்றித்தர இயலாது. அது அவ்வாண்டின் இறுதியோடு காலாவதியாகும். புதுப்பிக்க மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். உரிமம் பெற்றவர் இறந்தால் அந்நாளிலேயே அதுவும் முடிவடையும். பசுவும் கன்றும் பிள்ளைகளைச் சேரும்; கொட்டில் நிற்கும் இடம் சேராது.